கறுப்பு வியர்வை: குதிரையின் சூடும் சீன வைத்தியரின் ஊசியும்

1608ஆம் ஆண்டு, மிங் பேரரசின் கடைசிக் காலம். இன்றைய அன்ஹூய் மாகாணத்து லூ-ஆன் ஊரைச் சேர்ந்த யூ பென்யுவான், யூ பென்ஹெங் என்ற அண்ணன் தம்பி இருவரும் குதிரை வைத்தியத்தில் தாங்கள் கற்றதையும் கண்டதையும் சேர்த்து ஒரு நூலாக்கினார்கள். 'யுவான் ஹெங் லியாவ் மா ஜி' என்பது அதன் பெயர். அதில் எழுபத்திரண்டு பெருநோய்கள் வரிசையாகச் சொல்லப்படுகின்றன. அவற்றுள் ஒன்று 'கறுப்பு வியர்வைக் காற்று'. வெயிலில் ஓட்டி அலுத்த குதிரைக்குத் தசை துடிக்கிறது, வியர்வை கொட்டுகிறது, மூச்சு இரைக்கிறது, தலை தொங்குகிறது, கால் தள்ளாடுகிறது. இன்றைய சீனக் கால்நடை மருத்துவப் பாடநூல்கள் இதை வெப்ப அதிர்ச்சி என்று அடையாளம் காண்கின்றன. மரபுவழிச் சிகிச்சையையும் அவை விட்டுவிடவில்லை: நிழலில் நிறுத்து, தலையில் குளிர்ந்த நீரை ஊற்று, கழுத்திலும் காதுநுனியிலும் வால்நுனியிலும் ஊசியிட்டு இரத்தம் வடி.

குதிரைக்குச் சூடு தணிக்கும் அக்குபஞ்சர் புள்ளிகள் எவை என்று இன்று தேடுபவருக்கு இந்த மூன்றும் முதலில் கிடைக்கும். கூடவே தா சுய் என்ற புள்ளியும் வரும். கழுத்தெலும்பு முடிந்து முதுகெலும்பு தொடங்கும் இடத்தில், நடுக்கோட்டில், தோள்மேட்டுக்குச் சற்று முன்னால் உள்ள பள்ளம் அது. நான்கையும் ஒரே பட்டியலில் பார்க்கும்போது எல்லாம் ஒரே சங்கதி என்று தோன்றும். உண்மையில் அவை இரண்டு வேறு தொழில்களைச் சேர்ந்தவை. தா சுய் மெல்லிய ஊசிக்குரிய இடம். மற்ற மூன்றும் இரத்தக் குழாய்கள். அகன்ற முனைகொண்ட ஊசியால் குத்தி, குருதியை வெளியே விடுவதற்கென்றே குறிக்கப்பட்டவை. இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால்தான் பழைய வைத்தியர் எதைக் கண்டார், எதில் தவறினார், இன்று நமக்கு எது உதவும் என்பதெல்லாம் பிடிபடும்.

ஏனைய சூட்டுப் புள்ளிகளையும் குதிரையின் உடல்வழியே பார்த்துக்கொண்டு போகலாம். கண்ணுக்குப் பின்புறம் முகத்தின் குறுக்கே ஓடும் சிரையில் தாய் யாங். கண் சிவந்து பீளை தள்ளினால் இங்கே குத்துவார்கள். நாக்கின் அடியில், இருபுறமும் புடைத்திருக்கும் சிரைகளில் தோங் குவான்; நாக்கு வீங்கிச் சூடேறினால் இது. மேல் அண்ணத்தில் குறுக்கே வரிவரியாக இருக்கும் மடிப்புகளில் மூன்றாவதன் மேல் யூ தாங். வயிற்றில் சூடு சேர்ந்து தீனி மறுக்கும் குதிரைக்கு. மார்பின் பக்கவாட்டுப் பள்ளத்தில் ஓடும் சிரையில் சியோங் தாங், முழங்கைக்குப் பின்னால் விலாவின் மேல் ஓடும் சிரையில் தாய் மாய், பின்தொடையின் உட்புறச் சிரையில் ஷென் தாங், குளம்பின் மேல்விளிம்பில் தீ தோவ். இவற்றுள் பெரியது கழுத்துச் சிரையில், மேல்மூன்றில் ஒரு பங்கும் நடுப்பங்கும் சேரும் இடத்தில் இருப்பது. காதுநுனியில் சில சொட்டுகள் வந்தால் போதும். கழுத்தில் அரை லிட்டரிலிருந்து ஒன்றிரண்டு லிட்டர் வரை வடிப்பார்கள். வசந்தத்தில் கழுத்துச் சிரையைத் திறந்து 'பெரும் இரத்தம்' வடித்துவிட்டால் அந்தக் கோடையில் சூட்டு நோய் அண்டாது என்று யூ சகோதரர்கள் எழுதினார்கள். கோடைக்கென்று தனியாக ஒரு குளிர்ச்சி மருந்துப் பொடியும் புகட்டச் சொன்னார்கள்.

நம் வீடுகளில் 'உடம்பில் சூடு ஏறிவிட்டது' என்று சொல்லி எண்ணெய் தேய்த்துக் குளிக்க வைப்பவர்களுக்கு இந்தச் சிந்தனை அந்நியமாக இருக்காது. சீன வைத்தியத்தின் 'சூடு' வெப்பமானியில் ஏறும் பாதரசத்தோடு நின்றுவிடுவதில்லை. சிவந்த கண், வறண்ட சாணம், மஞ்சள் சிறுநீர், வேகமான நாடி, வாயின் நிறம் எல்லாம் சேர்ந்தது அது. குதிரையின் உதட்டைப் பிரித்து ஈறும் நாக்கும் என்ன நிறத்தில் இருக்கின்றன என்று பார்ப்பது அந்த வைத்தியரின் தலையாய பரிசோதனை. வெளிறினால் ஒன்று, சிவந்தால் ஒன்று, மஞ்சளித்தால் ஒன்று, நீலம் பாய்ந்தால் ஆபத்து. இன்று எந்தக் குதிரை மருத்துவமனையிலும் ஈற்றின் நிறத்தையும், விரலால் அழுத்திவிட்டால் இரத்தம் எத்தனை நொடியில் திரும்புகிறது என்பதையும் பார்க்கிறார்கள். கண்ணால் கண்டறியும் கலையில் பழையவர்கள் தேர்ந்தவர்கள். எனக்கு அவர்கள்மேல் பெரும் மரியாதை உண்டாவது இந்த இடத்தில்தான்.

குதிரைக்குச் சூடு ஏன் இவ்வளவு பெரிய பிரச்சினை? ஓடும் குதிரையின் தசைகள் எரிக்கும் சக்தியில் ஐந்தில் ஒரு பங்குதான் ஓட்டமாகிறது. மீதி வெப்பமாகத் தங்குகிறது. அந்த வெப்பம் வெளியேறத் தோல் வேண்டும். ஒரு கிலோ எடைக்கு இவ்வளவு தோல் என்று கணக்குப் பார்த்தால் குதிரைக்கு இருப்பது மனிதனுக்கு உள்ளதில் பாதிகூட இல்லை. அந்தக் குறையை வியர்வை ஈடுகட்டுகிறது. கடும் உழைப்பில் குதிரை மணிக்குப் பத்து முதல் பதினைந்து லிட்டர் வரை வியர்க்கும். அதில் உப்பும் அதிகம். லாதெரின் என்ற புரதம் இருப்பதால் நுரைக்கவும் செய்யும். காற்றில் ஈரம் மிகுந்திருக்கும் நாளில் வியர்வை ஆவியாகாமல் வழிந்து மண்ணில் விழுகிறது. நீரும் உப்பும் போகின்றன, சூடு மட்டும் போவதில்லை. இயல்பான உடல்வெப்பம் 37.5 முதல் 38.5 டிகிரி செல்சியஸ். 41ஐத் தாண்டி அது இறங்க மறுத்தால் குடலின் சுவர் தளர்கிறது. அங்குள்ள பாக்டீரியாவின் நச்சு இரத்தத்தில் கலக்கிறது. இந்த நச்சைத் தாங்கும் வல்லமை குதிரைக்கு மிகக் குறைவு.

இப்போது கழுத்துச் சிரைக்குத் திரும்புவோம். சூடேறிய குதிரையின் இரத்தம் கறுத்தும் கெட்டியாகவும் வரும், அதன் நிறம் தெளியும் வரை விட வேண்டும் என்பது குருதி வடிப்பவர்களின் மரபு. இதைக் கற்பனை என்று தள்ள முடியாது. குதிரையின் மண்ணீரல் சிவப்பணுக்களின் களஞ்சியம். ஓட்டத்திலும் அச்சத்திலும் அது சுருங்கி, சேமித்த அணுக்களையெல்லாம் இரத்தத்தில் தள்ளுகிறது. ஓய்வில் இரத்தத்தின் கன அளவில் நூற்றுக்கு நாற்பதுக்குள் இருக்கும் அணுக்களின் பங்கு அறுபதைத் தாண்டிவிடும். அதோடு வியர்வையில் நீரும் போய்விடுகிறது. திசுக்கள் ஆக்சிஜனை உறிஞ்சிய பின் சிரையில் வருவது இயல்பாகவே கருஞ்சிவப்பு. ஆகவே வைத்தியர் பார்த்த கெட்டியான கறுத்த இரத்தம் உண்மையானது. அது நோயை உண்டாக்கும் கெட்ட இரத்தம் என்று அவர் எடுத்த முடிவில்தான் கோளாறு. குதிரை இழந்திருந்தது நீரை. அவர் எடுத்ததோ இரத்தத்தை.

கணக்கும் இதையே சொல்கிறது. 500 கிலோ குதிரையின் உடலில் சுமார் 40 லிட்டர் இரத்தம் இருக்கிறது. 41 டிகிரியில் இருக்கும் உடலிலிருந்து 41 டிகிரியில் இருக்கும் ஒரு லிட்டர் இரத்தத்தை எடுத்துவிட்டால், மீதியிருக்கும் உடலும் 41 டிகிரியில்தான் இருக்கும். மாறாக, ஒரு லிட்டர் நீர் தோலின்மேல் முழுவதும் ஆவியானால் ஏறத்தாழ 2,400 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துப் போகிறது. அதே குதிரையின் உடல் ஒரு டிகிரி குளிர 1,750 கிலோஜூல் அளவுக்குப் போனால் போதும். நீர் வற்றிய உடலில் இரத்த அளவைக் குறைத்தால் தோலுக்குச் சூட்டைக் கொண்டுவந்து சேர்க்கும் ஓட்டமும் குறையும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இன்றைய சீனப் பாடநூல்கள் இரத்தம் வடித்தால் உடனே சிரைவழி உப்புநீர் ஏற்றச் சொல்வதன் காரணம் இது. அப்படிச் செய்யும்போது குதிரை தேறினால் அந்தப் பெருமையில் உப்புநீருக்கு எவ்வளவு, ஊசிக்கு எவ்வளவு?

இந்த வைத்தியம் ஏன் அவ்வளவு விரிவாக வளர்ந்தது என்பதற்கு அரசின் தேவை ஒரு விடை. கி.மு. 104இல் ஹான் பேரரசர் வூ, பெர்கானா பள்ளத்தாக்கின் குதிரைகளுக்காகவே படை அனுப்பினார். தாங் ஆட்சியில், ஏழாம் நூற்றாண்டின் நடுவில், அரசு மேய்ச்சல் நிலங்களில் 7,06,000 குதிரைகள் இருந்ததாக ஆவணங்கள் கூறுகின்றன. அரண்மனையின் குதிரைத் துறையில் 600 கால்நடை வைத்தியர்களும், அவர்களிடம் பாடம் கேட்க 100 மாணவர்களும் இருந்தார்கள். ஒன்பதாம் நூற்றாண்டில் லீ ஷி தொகுத்த 'சிமு அன்ஜி ஜி' அந்த உலகத்தின் விளைவு. அதிலுள்ள ஊசி நூல் ஒன்றுக்கு ஆசிரியராகச் சொல்லப்படுபவர் போ லெ. கிறிஸ்துவுக்கு ஏழு நூற்றாண்டு முன்னர் சின் நாட்டு மன்னர் மூவுக்குக் குதிரை தேர்ந்து கொடுத்தவர் என்று புகழ்பெற்றவர். புகழ்பெற்ற முன்னோரின் பெயரில் நூல் செய்வது சீனாவிலும் வழக்கமே. இந்தப் பெயரை வைத்துக்கொண்டு ஊசி வைத்தியத்துக்கு 2,600 ஆண்டு வயது சொல்வதை நான் ஏற்கவில்லை.

குளிர்ந்த அல்லது வறண்ட நிலங்களில் பிறந்த குதிரைகளை வெப்பமும் ஈரமும் மிகுந்த நாட்டுக்கு இறக்குமதி செய்த அரசுகள் எல்லாமே இந்தச் சிக்கலைச் சந்தித்தன. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்கோ போலோ, மன்னர் ஆண்டுக்கு 2,000 குதிரைகளுக்கு மேல் வாங்குகிறார், ஆண்டு முடிவில் நூறு கூட மிஞ்சுவதில்லை என்று எழுதினார். குதிரை பேணத் தெரிந்தவர்கள் இங்கே இல்லை, வெந்த சோற்றையும் இறைச்சியையும் தீனியாகப் போடுகிறார்கள் என்பது அவர் கண்ட காரணம். எண்ணிக்கையில் மிகை இருக்கலாம். காயல் துறைமுகத்தில் வந்திறங்கிய அரபுக் குதிரைகளுக்கு வெயில் என்ன செய்திருக்கும் என்று ஊகிக்க அந்தக் குறிப்பு இல்லாமலும் முடியும்.

குருதி வடிப்பதில் சீனா தனித்து நிற்கவில்லை. கான்ஸ்டன்டைன் பேரரசர் காலத்துக் குதிரை வைத்தியர் அப்சிர்டஸ் முதலானோரின் கிரேக்க எழுத்துகளில் காய்ச்சலுக்கு இரத்தம் வடிப்பது இருக்கிறது. இந்தியாவின் சாலிஹோத்திரக் குதிரை வைத்திய மரபிலும் சிரை திறப்பது உண்டு. இங்கிலாந்திலும் ஜெர்மனியிலும் டிசம்பர் 26, புனித ஸ்டீபன் நாளன்று, வரும் ஆண்டின் நலனுக்காகக் குதிரைகளுக்கு இரத்தம் வடிப்பது வழக்கமாக இருந்தது. எந்தெந்த இடங்களில் என்று பார்த்தால் வியப்பு மிகும்: கழுத்துச் சிரை, மார்புச் சிரை, விலாச் சிரை, தொடையின் உட்புறம், வால், குளம்பின் விளிம்பு. அண்ணம் வீங்கிய குதிரைக்கு ஐரோப்பிய லாடக்காரர்கள் அதே அண்ண மடிப்புகளைக் கீறினார்கள். பால் புயெல், திமோதி மே, டேவிட் ரேமி ஆகிய மூவரும் 2010இல் எழுதிய ஆய்வு இந்தக் கிரேக்க-சீன ஒற்றுமையை விரிவாகக் காட்டி, பழைய குதிரை 'ஊசி வைத்தியம்' பெரும்பாலும் குருதி வடிப்பும் சூடிடுதலுமே என்று வாதிட்டது. மருத்துவ அறிவு பட்டுப்பாதை வழியே கைமாறியிருக்கலாம். அது நடக்கவே இல்லை என்றாலும், குதிரையின் தோலுக்கடியில் எளிதாக எட்டும் சிரைகள் எங்கும் ஒன்றுதானே. கத்தியோடு போகும் எந்த நாட்டுக் கையும் அங்கேதான் போய்ச் சேரும். முழுச் சீன மரபையும் இப்படிச் சுருக்கிவிட முடியாது என்பதையும் சொல்லியாக வேண்டும். சிரையில்லாத இடங்களில் ஊசி இறக்கும் முறையும் யூ சகோதரர்களின் நூலில் இருக்கிறது. ஆனால் சூட்டுக்கு என்று வரும்போது அவர்கள் பெரிதும் நாடியது சிரையைத்தான்.

இருபதாம் நூற்றாண்டில் கதை திசை மாறியது. 1970களில் மேற்கு நாட்டுக் கால்நடை மருத்துவர்கள் அக்குபஞ்சர் கற்றபோது, ஊசிப் புள்ளிகளை இணைப்பதாகச் சொல்லப்படும் நாடிப்பாதைகளை மனித உடலில் காட்டும் படத்தை அப்படியே குதிரைமேல் பெயர்த்து வரைந்தார்கள். 1974இல் சர்வதேசக் கால்நடை அக்குபஞ்சர் சங்கம் அமெரிக்காவில் தோன்றியது. இன்று பரவலாகக் கிடைக்கும் குதிரைப் படங்கள் பெரும்பாலும் இந்தப் பெயர்ப்பின் பிள்ளைகள். மனிதனின் காய்ச்சலுக்குப் பெயர்போன ஹெ கு என்ற புள்ளி கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் இருக்கிறது. குதிரைக்கோ காலுக்கு ஒரே விரல். அதன் நகம்தான் குளம்பு. ஆகவே முன்னங்காலின் உட்புறத்தில், சிறிய ஒட்டெலும்பின் தலைக்குக் கீழே ஓரிடத்தை அதற்கென்று ஒதுக்கினார்கள். குதிரைக்குப் பித்தப்பையே கிடையாது. பித்தப்பை நாடிப்பாதை மட்டும் படத்தில் தலையிலிருந்து பின்னங்கால் குளம்புவரை ஓடுகிறது. தா சுய் ஓரளவு நியாயமான பெயர்ப்பு என்பேன், ஏனென்றால் கழுத்தெலும்புகளின் கணக்கு இரண்டு உடலிலும் ஒத்துப்போகிறது. சீனக் குதிரை மரபிலும் அதற்கு இடம் உண்டு. ஆனாலும் மனிதனில் தோலுக்கடியிலேயே தட்டுப்படும் அந்த இடம் குதிரையில் தடித்த பிடரித் தசைநாருக்குக் கீழே பல சென்டிமீட்டர் ஆழத்தில் கிடக்கிறது.

இந்தப் புள்ளிகள் வேலை செய்கின்றனவா? கேட்பதற்கு முன் காய்ச்சலையும் வெப்ப ஏற்றத்தையும் பிரிக்க வேண்டும். பழைய 'சூடு' இரண்டையும் ஒன்றாகப் போட்டுவிட்டது. தொற்று வந்த குதிரையில் மூளையின் ஹைப்போதலாமஸ் தானே வெப்ப அளவை உயர்த்தி வைக்கிறது. ஓடிச் சூடேறிய குதிரையில் அந்த அளவு மாறவில்லை. வெளியேற்ற வழியில்லாமல் வெப்பம் தேங்குகிறது. முன்னதற்குப் புளூனிக்சின், டைபைரோன் போன்ற மருந்துகள் கேட்கும். குதிரைக் காய்ச்சலுக்கென டைபைரோன் ஊசிமருந்துக்கு அமெரிக்காவில் 2019இல் அனுமதி கிடைத்தது. பின்னதற்கு அந்த மருந்துகள் வெப்பத்தை இறக்கித் தரமாட்டா.

2006இல் ஹாபாகெர், பிட்லர், எர்ன்ஸ்ட் ஆகியோர் கால்நடை அக்குபஞ்சர் பற்றிய 31 சோதனைகளைத் திரட்டிப் பார்த்தார்கள். எந்த நோய்க்கும் அதைப் பரிந்துரைக்கவோ ஒதுக்கவோ போதிய சான்று இல்லை என்பது அவர்களின் முடிவு. ஆய்வகத்திலிருந்து வரும் செய்தி கொஞ்சம் ஆர்வமூட்டுகிறது. பாக்டீரிய நச்சால் காய்ச்சல் வரவழைத்த எலிகளுக்கு ஊசியிட்டபோது வெப்பம் தணிந்ததாகவும், ஹைப்போதலாமஸில் அழற்சிக்கான மூலக்கூறுச் சுவடுகள் குறைந்ததாகவும் கொரிய ஆய்வாளர்கள் 2002இல் தெரிவித்தார்கள். ஹார்வர்டில் மா சியூபு குழுவினர் 2020, 2021 ஆண்டுகளில் சுண்டெலியின் பின்னங்காலில் குறிப்பிட்ட இடத்தில் மின்னூட்டிய ஊசி வைத்து, வேகஸ் நரம்பு வழியாக அட்ரினல் சுரப்பியைத் தூண்டி அழற்சியை அடக்கிக் காட்டினார்கள். எந்த நரம்பணுக்கள் அங்கே வந்து முடிகின்றன என்பதுவரை கண்டுபிடித்தார்கள். நாடிப்பாதை தேவைப்படாத விளக்கம் அது. நரம்பின் முனை போதும். ஆனால் சுண்டெலியின் எடை முப்பது கிராம் அளவுதான். அங்கிருந்து அரை டன் குதிரைக்குத் தாவுவது பெரிய தாவல்.

நீருக்கு அந்தத் தயக்கம் தேவையில்லை. சூடேறிய குதிரைமேல் குளிர்ந்த நீரை ஊற்றினால் தசை இறுகிவிடும், குதிரை விழுந்துவிடும் என்ற அச்சம் லாயங்களில் நெடுங்காலம் இருந்தது. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்குக்கு முன்னர், ஜார்ஜியாவின் புழுக்கத்தில் குதிரைகள் மடிந்துவிடும் என்ற கவலையில், டேவிட் மார்லின், லியோ ஜெப்காட் உள்ளிட்ட ஆய்வாளர்கள் பல நாடுகளில் சோதனைகள் நடத்தினார்கள். குளிர்ந்த நீர் ஆபத்தில்லாதது, மிகப் பயனுள்ளது என்று தெளிவாயிற்று. 2020இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் பந்தயக் குதிரைகளில் ஐந்து முறைகளை ஒப்பிட்டார்கள்: வெறுமனே நடத்துவது, மின்விசிறியோடு நடத்துவது, பத்து டிகிரிக் குளிர்நீரை விட்டுவிட்டு ஊற்றுவது, ஊற்றி உடனே வழித்துவிடுவது, 26 டிகிரிக் குழாய்நீரை இடைவிடாமல் பாய்ச்சுவது. மிக விரைவாகக் குளிர்வித்தது கடைசி முறை. பனிக்கட்டி கிடைக்காத லாயத்திலும் ஒரு ரப்பர் குழாய் இருக்கும். யூ சகோதரர்களின் வழியில் வந்தவர்கள் தலைக்கு மட்டும் ஊற்றிய நீரை உடல் முழுவதும் ஊற்றியிருந்தால் எத்தனை குதிரைகள் பிழைத்திருக்கும் என்று நினைத்தால் மனம் கனக்கிறது.

ஊசிக்கு நியாயமான களம் ஒன்று இருக்கிறது என்றால் வியர்க்காத குதிரைகளிடம் அது இருக்கலாம். குளிர்நாட்டிலிருந்து வெள்ளையர் ஆட்சியில் இந்தியாவுக்கு வந்த குதிரைகளில் சில, வியர்ப்பதையே நிறுத்திவிட்டன. 'உலர்தோல்' என்று அதை அழைத்தார்கள். புளோரிடாவிலும் அந்த நோய் மிகுதி. வெப்பத்தில் அட்ரினலின் ஓயாமல் தூண்டித் தூண்டி வியர்வைச் சுரப்பிகளின் ஏற்பிகள் மரத்துப்போவதே காரணம் என்பது வலுவான கருத்து. சே ஹுய்ஷெங் 1998இல் நிறுவிய, சீனக் கால்நடை வைத்தியம் கற்பிக்கும் சீ கல்லூரி இருப்பதும் அதே புளோரிடாவில்தான். அங்கே இதற்கு ஊசியும் மூலிகையும் தருகிறார்கள். நோய் நாள்பட்டது. உயிர் போகும் அவசரம் எப்போதும் இல்லை. வியர்வையின் அளவைத் தோலில் மருந்து செலுத்தி எண்ணாகவே அளக்கலாம். நேர்மையான சோதனைக்கு இதைவிட வசதியான நோய் கிடைப்பது அரிது.

காதுநுனிக்கும் அப்படியொரு சோதனை செய்ய முடியும். அங்கே வருவது சில சொட்டு என்பதால் இரத்த இழப்பால் கெடுதல் இல்லை. பலன் இருந்தால் அது நரம்புத் தூண்டலின் பலனாகத்தான் இருக்கும். கோடையில் நெடுந்தூர ஓட்டப் பந்தயம் முடித்து வரும் குதிரைகளை எடுத்துக்கொள்ளலாம். எல்லாவற்றுக்கும் முதலில் இடைவிடாத நீர், பிறகு நிழல், காற்று, குடிக்க உப்புநீர். இவற்றில் எந்தக் குதிரைக்கும் குறைவைக்கக் கூடாது. பாதிக் குதிரைகளுக்குக் காதுநுனியிலும் வால்நுனியிலும் மரபுப்படி குத்த வேண்டும். மறுபாதிக்குச் சிரையில்லாத வேறொரு இடத்தில் குத்த வேண்டும். வெப்பமானியைப் பார்ப்பவருக்கு எந்தக் குதிரைக்கு எங்கே குத்தினார்கள் என்று தெரியக் கூடாது. எல்லாக் குதிரைகளுக்கும் இந்த இடங்கள் அனைத்திலும் ஒரே மாதிரி கட்டுப் போட்டு மறைத்துவிடலாம். 39 டிகிரிக்கு இறங்க எத்தனை நிமிடம் ஆகிறது, நாடி எப்போது அடங்குகிறது, ஈற்றின் நிறம் எப்போது திரும்புகிறது என்று குறித்துக்கொண்டால் போதும். கடைசி அளவை எப்படிப் பார்ப்பது என்பதை யூ சகோதரர்களின் நூலிலேயே கற்றுக்கொள்ளலாம்.